மக்கெலேலே: டிஃபென்ஸுக்கு முன்னால் நின்றவர் மட்டும்தானா?

#1 நடுக்களம்
எந்த மேட்ச் பார்த்தாலும் இப்போது "மக்கெலேலே ரோல்" என்று ஒரு பேச்சு வந்துவிடுகிறது. டிஃபென்ஸுக்கு முன்னால் ஒருத்தர் நின்றால் போதும், வர்ணனையாளர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார். ஆனால் அந்த ஆளைப் பற்றிக் கேட்டால், ரியல் மாட்ரிட்டில் சம்பளச் சண்டை போட்டார், செல்சியில் கோப்பை ஜெயித்தார், அதோடு கதை முடிந்தது. அதற்கு முன்னால் அவருக்கு ஒரு பத்து வருட வாழ்க்கை இருந்தது. அதைத் தெரிந்துகொண்டால்தான் பிறகு நடந்தது எல்லாம் புரியும் என்பது என் கட்சி. அதற்காகவே இந்த இழை.

கிளோது மக்கெலேலே பிறந்தது 1973 பிப்ரவரி 18, கின்ஷாசாவில். அப்போது அந்த நாட்டின் பெயர் ஜயர். அப்பாவும் கால்பந்து வீரர்தான். பையனுக்கு நாலு வயது இருக்கும்போது குடும்பம் பிரான்சுக்கு வந்து, பாரிஸுக்குத் தென்கிழக்கே சவிஞி-லெ-தாம்ப்ல் என்ற ஊரில் தங்கியது. மெலன் ஊர் அணியில் ஆடி, பிரெஸ்ட் கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்குப் போய், 1991 இல் நாந்த் கிளப்புக்கு வந்தார்.

நாந்த் என்றால் என்ன என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லவேண்டும். பிரான்சில் ஆட்டத்துக்கென்று தனி மொழி வைத்திருந்த கிளப் அது. பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதை அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள். ஒரு தொடுதலில் கொடு, கொடுத்தவுடன் நகரு, பந்து எங்கே வரப்போகிறது என்று மற்றவனுக்கு முன் ஊகித்துவிடு. பயிற்சியாளர் ஜான்-கிளோது சுவோதோ இதைச் சின்னப் பையன்களின் தலையில் ஏற்றிக்கொண்டே இருந்தார். 1994-95 இல் பாத்ரிஸ் லோக்கோ, நிக்கோலா உவெதெக், ரெனால்ட் பெத்ரோஸ், ஜாஃபெத் நதோராம், கரெம்பு, மக்கெலேலே எல்லாம் சேர்ந்து லீக்கை ஜெயித்தார்கள். 38 ஆட்டத்தில் ஒரே ஒரு தோல்வி.

அந்த அணியில் மக்கெலேலே ஆடியது வலது பக்க நடுக்களத்தில். ஓடிப்போய்த் தாக்குகிற வேலை. இன்றைக்குக் காவல் வேலைக்குப் பெயரான ஆள், பள்ளிக்கூடத்தில் படித்தது தாக்குதல் பாடம்.

#2 கேள்விக்குறி
அப்படியென்றால் ஓரத்தில் ஓடுகிற விங்கரா? நிஜமாகவா அண்ணா? நான் பார்த்த யூட்யூப் தொகுப்புகளில் எல்லாம் பந்தைப் பிடுங்கி மூன்றடி தள்ளி யாருக்காவது கொடுத்துவிட்டு நிற்கிறார். விங்கராக இருந்தவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாதா?

#3 நடுக்களம்
தம்பி, தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துதான் செய்தார். ஒரு தொடுதலில் கொடுத்துவிட்டு இடத்துக்குத் திரும்புவது நாந்தில் ஊறிய பழக்கம். 1996 சாம்பியன்ஸ் லீகில் நாந்த் அரையிறுதி வரை போனது. டூரினில் யுவென்டஸிடம் 2-0 தோற்று, சொந்த ஊரில் 3-2 ஜெயித்து, மொத்தத்தில் ஒரு கோலில் வெளியே வந்தார்கள். அந்த யுவென்டஸ்தான் கடைசியில் கோப்பையை எடுத்தது.

அப்புறம் 1997 இல் மார்செய், ஒரு பருவம். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1998 இல் ஸ்பெயின், செல்டா விகோ. பயிற்சியாளர் விக்டர் ஃபெர்னாண்டஸ். முன்னால் மோஸ்டோவோய், கார்ப்பின் என்று இரண்டு ரஷ்யர்கள் கலை காட்டுவார்கள். யாராவது பின்னால் நிற்கவேண்டுமே, மக்கெலேலே நடுவுக்கு வந்தது இங்கேதான். 1994 உலகக்கோப்பை ஜெயித்த பிரேசிலின் மசினியோ பக்கத்தில் இருந்தார். சின்ன கிளப்தான், ஆனால் யூஇஎஃப்ஏ கோப்பையில் லிவர்பூலை இரண்டு ஆட்டத்திலும் வென்றார்கள், பென்ஃபிகாவுக்கு ஏழு கோல் போட்டார்கள், 2000 மார்ச்சில் யுவென்டஸை 4-0 என்று அனுப்பினார்கள். அந்தக் கடைசி ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே கோல் போட்டவர் யார் என்று நினைக்கிறாய்? இதே மூன்றடி பாஸ்காரர்தான். எதிரணியின் கோச் அஞ்சலோத்தி. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

#4 மாட்ரிட் முருகேசன்
இழை நன்றாகப் போகிறது, ஆனால் அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "பெரெஸ் முட்டாள், மக்கெலேலேயை விற்றார், ரியல் நாசமானது." வருஷா வருஷம் இந்த ஒப்பாரி. அதனால் முன்கூட்டியே எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

2000 இல் ஃப்ளோரென்டினோ பெரெஸ் ரியல் கிளப்பின் தலைவராக வந்தார். ஃபீகோவை வாங்கினார், அதே கோடையில் ரெடோண்டோ மிலானுக்குப் போனார். ரெடோண்டோவின் இடத்துக்கு வந்தவர்தான் மக்கெலேலே. அன்றைக்கு ரசிகர்கள் திட்டியது மக்கெலேலேயை விற்றதற்கு இல்லை, ரெடோண்டோ போனதற்கு! மூன்று பருவத்தில் இரண்டு லீக், ஒரு சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தோம். 2002 கிளாஸ்கோ இறுதியில் ஆடினார், நல்ல ஆட்டக்காரர், யார் இல்லை என்றது?

2003 கோடையில் அவருக்கு 30 வயது. சம்பளத்தை உயர்த்தச் சொன்னார், ஒப்பந்தம் இன்னும் இருந்தது. கிளப் மறுத்தது. பயிற்சிக்கு வராமல் நின்றார். செல்சியின் முதலாளி ரோமன் அப்ரமோவிச் புதிதாகப் பணப்பெட்டியோடு லண்டனில் உட்கார்ந்திருக்கிறார், 1.6 கோடி பவுண்டுக்கு மேல் தருகிறார். முப்பது வயது டிஃபென்சிவ் மிட்ஃபீல்டருக்கு அந்தக் காலத்தில் அது என்ன காசு தெரியுமா? எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

#5 ஸ்டாம்ஃபோர்டு சிவா
கையெழுத்துப் போட்டது சரி, முருகேசன் சார். அவர் கிளம்பிய பிறகு உங்கள் தலைவர் வாயைத் திறந்தாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? டெக்னிக் சுமார், வேகம் இல்லை, பாஸில் பெரும்பகுதி பின்னாலோ பக்கவாட்டிலோதான் போகிறது, இளசுகள் வந்தால் இவரை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்ற பொருளில் பேசினார். விற்கலாம், திட்டி அனுப்பவேண்டுமா?

மறந்தார்களா என்பதையும் பார்ப்போம். 2003-04 இல் ரியல் ஒரு கட்டத்தில் வலென்சியாவை விட 8 புள்ளி முன்னால் இருந்தது. கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று நாலாவது இடத்தில் முடித்தது. ஸ்பெயின் கோப்பையான கோபா இறுதியில் சரகோசாவிடம் தோல்வி. அந்த இடத்தில் ஆள் போட பெக்காமை நடுவில் நிறுத்தினார்கள், குட்டி என்ற வீரரை நிறுத்தினார்கள். 2005 ஜனவரியில் எவர்டனிலிருந்து கிராவெசன், அந்த ஆண்டு கோடையில் பாப்லோ கார்சியா. 2006 இல் பயிற்சியாளராகக் கபெல்லோ வந்து எமர்சன், டியாரா என்று ஒன்றுக்கு இரண்டாக வாங்கிய பிறகுதான் லீக் பட்டம் திரும்ப வந்தது. நடுவில் பெரெஸ் ராஜினாமாவே செய்துவிட்டார். ஒரு சம்பள உயர்வைக் கொடுத்திருந்தால் இதில் பாதி செலவு மிச்சம்.

#6 வியாசர்பாடி 10
சிவா பின்னிட்டீங்க 😀

#7 நடுக்களம்
சிவா சொன்ன தகவல்கள் சரி, ஆனால் கணக்கை அவ்வளவு சுலபமாக ஒரே ஆள் பெயரில் எழுத முடியாது. அந்த 2003 கோடையில் யார் யார் போனார்கள் என்று பாருங்கள். லீக் ஜெயித்த உடனே பயிற்சியாளர் டெல் போஸ்கேயின் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் அனுப்பினார்கள். கேப்டன் ஹியரோவும் போனார். மக்மனமன் மான்செஸ்டர் சிட்டிக்கு. மோரியன்டஸ் கடனாக மொனாக்கோவுக்கு. ஓய்வறையின் முதுகெலும்பையே எடுத்துவிட்டு, பெக்காமை மட்டும் சேர்த்தார்கள். டிஃபென்ஸுக்குப் பெரிய ஆள் யாரும் வாங்கவில்லை, கிளப்பில் வளர்ந்த பையன்களை வைத்துச் சமாளிக்கலாம் என்பது கொள்கை. இன்னொரு கொடுமை, அதே இடத்தில் ஆடக்கூடிய கம்பியாசோ அப்போது அவர்களிடமே இருந்தார். அவரையும் 2004 இல் இலவசமாக இன்டருக்கு விட்டார்கள். 2010 இல் அவர் அங்கே மூன்று கோப்பை ஜெயித்தது எல்லோருக்கும் தெரியும்.

மக்கெலேலே போனது ஏன் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் வலித்தது என்பதற்கு ஆட்டத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது. அந்த ரியலில் ராபர்டோ கார்லோஸ் இடது பக்கம் கிளம்பினால் திரும்பி வர நேரம் ஆகும். வலது பக்கம் சல்காடோவும் மேலே போவார். ஜிதான் பெயருக்கு இடது பக்கம், ஆனால் ஆடுவது நடுவில். ஃபீகோ பின்னால் ஓடிவந்து யாரையும் பிடிக்கமாட்டார். பந்து பறிபோன நொடியில் மைதானத்தின் குறுக்கே ஒரு பெரிய வெற்றிடம் உண்டாகும். அதன் நடுவில் மக்கெலேலே இருப்பார். பந்து பறிபோன பிறகு ஓடிவந்து சேர்பவர் அல்ல, முன்பே வந்து நிற்பவர். ராபர்டோ கார்லோஸ் கிளம்பும்போதே இவர் இடது பக்கம் நாலு எட்டு நகர்ந்திருப்பார். டிவி கேமரா பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், இதைக் காட்டாது. தலைவர் இருக்கையிலிருந்து பார்த்தாலும் தெரிந்திருக்காது போல.

#8 மாட்ரிட் முருகேசன்
கடைசி வரி தேவையா 😒 மற்றபடி நியாயமான பதில். டெல் போஸ்கேயை அனுப்பியதில் எனக்கும் இன்றுவரை கோபம் உண்டு.

#9 பரிஸ்வாசி
வணக்கம் உறவுகளே. நான் இருப்பது பரிஸ் புறநகரில், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. சவிஞி-லெ-தாம்ப்ல் இங்கே ஆர்இஆர் டி ரயில் வழித்தடத்தில் மெலனுக்குக் கொஞ்சம் முன்னால் வரும் இடம். 1970களில் புது நகரங்கள் என்று திட்டம் போட்டு எழுப்பிய பகுதி, உலகத்தின் எல்லா மூலையில் இருந்தும் வந்த குடும்பங்கள் குடியேறிய இடம். எங்கட ஆட்களும் இந்த வழித்தடம் முழுக்க இருக்கினம். பிரான்சின் ஆட்டக்காரர்களில் பெரிய பங்கு இந்தப் பரிஸ் புறநகர்களில் இருந்துதான் வருகிறது. ஆன்றி, கான்டே, போக்பா, எம்பாப்பே எல்லாம் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள்தான்.

ஆனால் பிரெஞ்சுக்காரர் மக்கெலேலேயை நினைப்பது உங்கள் நினைப்பில் இருந்து வேறு. தேசிய அணிக்கு 71 ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. முதல் ஆட்டம் 1995 இல், 22 வயதில். அப்படியிருந்தும் 1998 உலகக்கோப்பை அணியில் பெயர் இல்லை, 2000 ஐரோப்பியக் கிண்ணத்திலும் இல்லை. பிரான்ஸ் எல்லாவற்றையும் வென்ற இரண்டு கோடைகளையும் அவர் வெளியே இருந்து பார்த்தவர். டெஷாம்ப், பெட்டி, வியெரா, கரெம்பு, பொகோசியன் என்று அந்த இடத்துக்கு அத்தனை பேர். எங்கே நுழைவது? அவர் நிரந்தர இடம் பிடித்தபோது அணி சரியத் தொடங்கியிருந்தது. 2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் கிரேக்கத்திடம் தோற்று வெளியேறியதும் போதும் என்று விலகிவிட்டார்.

இன்னொன்று, டெஷாம்பும் நாந்தில் வளர்ந்தவர். தெசாயியும் அப்படியே. மூன்று பேரும் நாந்த், பிறகு மார்செய், பிறகு எங்கெங்கோ போய்க் கடைசியில் செல்சியிலும் ஆடியிருக்கினம். 2003 இல் மக்கெலேலே லண்டனில் இறங்கியபோது அங்கே அணித்தலைவர் பட்டி கட்டியிருந்தது தெசாயி.

#10 ஸ்டாம்ஃபோர்டு சிவா
அட, மூன்று பேரையும் ஒரே கோட்டில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அருமை அண்ணை.

#11 நடுக்களம்
பரிஸ்வாசி டெஷாம்பை இழுத்துவிட்டார், இதைச் சொல்லாமல் விட முடியாது. மக்கெலேலே போன முதல் பருவத்தில், 2004 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில், ரியலை வெளியே அனுப்பியது மொனாக்கோ. முதல் ஆட்டத்தில் ரியல் 4-2 ஜெயித்தது, இரண்டாவதில் மொனாக்கோ 3-1. மொத்தம் 5-5, வெளியூரில் அதிகம் கோல் போட்டவர் யார் என்ற கணக்கில் ரியல் காலி. இரண்டு ஆட்டத்திலும் கோல் போட்டவர் ரியல் கடனாக அனுப்பிய மோரியன்டஸ். அரையிறுதியில் அதே மொனாக்கோ செல்சியை அனுப்பியது. மக்கெலேலே இல்லாத அணியையும் வென்றார்கள், இருக்கிற அணியையும் வென்றார்கள். மொனாக்கோவின் பயிற்சியாளர் யார்? நாந்த் பள்ளியின் பழைய மாணவர் டெஷாம்ப். "தண்ணி சுமக்கிறவர்" என்று கன்டோனா கிண்டல் செய்த அதே டெஷாம்ப்.

அதனால் மக்கெலேலே இருந்தாலே போதும், அணி தோற்காது என்ற பேச்சும் எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று.

#12 கேள்விக்குறி
அந்த செல்சி-மொனாக்கோ ஆட்டத்தில்தானே மக்கெலேலே நடித்து ஒருத்தருக்கு ரெட் கார்டு வாங்கித் தந்தார் என்று படித்தேன்? உண்மையா?

#13 ஸ்டாம்ஃபோர்டு சிவா
செல்சி ரசிகனாக இதைப் பேசாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன் 🙂 உண்மைதான். 1-1 என்று இருக்கும்போது, இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், சிகோஸ் என்ற கிரேக்க மிட்ஃபீல்டர் மக்கெலேலேயின் தலையைக் கையால் லேசாகத் தட்டினார். இவர் சுருண்டு விழுந்தார். ரெஃப்ரி சிகோஸை வெளியே அனுப்பினார். அழகான காட்சி இல்லை, மழுப்ப விரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. பத்து பேர் அணியை முடித்துவிடலாம் என்று செல்சி பயிற்சியாளர் ரனியேரி ஆட்களை மாற்றினார். ரைட் பேக்கை எடுத்துவிட்டு ஹாசல்பைங்க், நடுக்களத்திலிருந்து பார்க்கரை எடுத்துவிட்டு டிஃபென்டர் ஹூத். யார் எங்கே நிற்பது என்று யாருக்கும் புரியவில்லை. பத்து பேரோடு மொனாக்கோ இரண்டு கோல் போட்டது, மோரியன்டஸும் நோண்டாவும். 3-1. அந்தக் கோடையிலேயே ரனியேரி போய் மொரினியோ வந்தார்.

மொரினியோதான் மக்கெலேலேயை இங்கிலாந்துக்குப் புரியவைத்தார். அங்கே அப்போது பாதி அணிகள் 4-4-2 ஆடும். நடுவில் இரண்டு பேர். மொரினியோ நடுவில் முக்கோணம் போட்டார், பின்னால் மக்கெலேலே, முன்னால் லம்பார்டும் இன்னொருவரும். எதிரணியின் இரண்டு பேர் இந்த இரண்டு பேரைப் பிடித்தால் மக்கெலேலேவிடம் யாரும் வருவதில்லை, அவர் நிதானமாக ஆட்டத்தைப் பார்த்துக் கொடுக்கலாம். அவரைப் பிடிக்க ஒருத்தர் மேலே வந்தால் லம்பார்டு விடுதலை. விங்கர் உள்ளே வந்து உதவினால் பக்கவாட்டில் டஃப், ராபன், ஜோ கோல் சும்மா விடுவார்களா? மொரினியோவே இதைப் பேட்டியில் விளக்கியிருக்கிறார். மக்கெலேலே அந்த அணியில் வெறும் காவல்காரர் இல்லை, ஆட்டம் தொடங்குவதே அவர் காலிலிருந்துதான். 2004-05 இல் 95 புள்ளி, லீகில் வாங்கிய கோல் மொத்தம் 15. அடுத்த ஆண்டும் பட்டம்.

#14 வியாசர்பாடி 10
நான் லோக்கல் லீகில் நடுவில் ஆடுகிறவன், அதனால் என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். அவர் டேக்கிளைக் கவனித்துப் பாருங்கள். சறுக்கி விழுந்து அடிப்பது ரொம்பக் குறைவு. உயரம் கிடையாது, கால் குட்டை, ஆனால் இடுப்பு தாழ்ந்து இருக்கும். எதிராளி முதல் தொடுதல் எடுக்கும்போது ஒன்றும் செய்யமாட்டார், சும்மா கிட்டே வருவார். இரண்டாவது தொடுதலுக்கு அவன் காலை எடுக்கிற நேரத்தில் தன் காலை நடுவில் வைத்துப் பந்தை லேசாகத் தள்ளிவிடுவார். உடம்பை உடனே பந்துக்கும் அவனுக்கும் நடுவில் போட்டுவிடுவார். பிறகு அவன் இடித்தால் ஃபவுல் இவருக்கு.

எங்கள் பையன்களுக்கு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் என்றாலே பாய்ந்து அடிக்கவேண்டும் என்று நினைப்பு. பாய்ந்தவன் விழுந்துகிடப்பான், அவன் பின்னால் முழு மைதானமும் திறந்துகிடக்கும். மக்கெலேலே காலில் நின்றபடியே வேலையை முடிப்பார். அதனால் பந்து கிடைத்த அடுத்த நொடியே பாஸ் போய்விடும்.

#15 கேள்விக்குறி
அப்போ கான்டேயும் இவரும் ஒரே வகையா? எல்லோரும் "புது மக்கெலேலே" என்றுதானே சொன்னார்கள்.

#16 நடுக்களம்
சொன்னார்கள். கறுப்பு நிறம், குட்டை உருவம், பிரெஞ்சு, செல்சி. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கான்டே ஓடிப் பிடிப்பவர். சுரேன் என்ற புறநகர் அணியில் தொடங்கி, பூலோஞ், கான் என்று கீழ்மட்டத்திலிருந்து ஏறி, 2015 இல் லெஸ்டருக்கு வந்தார். அங்கே டிரிங்க்வாட்டரோடு இரண்டு பேர் நடுக்களம். பாதி மைதானத்தை அவர் ஒருத்தரே மூடினார். 2016 இல் லெஸ்டருக்குப் பட்டம், 2017 இல் செல்சிக்குப் பட்டம், அங்கேயும் மாட்டிச்சோடு இரண்டு பேர் அமைப்பு. சாரி செல்சி பயிற்சியாளராக வந்தபோது கான்டேயை வலது பக்கம் தள்ளி ஜார்ஜினியோவைப் பின்னால் வைத்தார். ஊரே கத்தியது, "உலகின் சிறந்த டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை இடம் மாற்றிவிட்டான்" என்று. ஆனால் ஓரிடத்தில் நின்று முக்கோணத்தின் அடியைப் பிடிப்பது கான்டேயின் இயல்பான வேலை இல்லை என்பதில் சாரி சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். மக்கெலேலே நிற்பதற்குச் சம்பளம் வாங்கினார், கான்டே பறப்பதற்கு. இருவரையும் ஒரே தட்டில் வைத்தால் இருவருக்கும் அநியாயம்.

#17 மாட்ரிட் முருகேசன்
கான்டேயை விடுங்கள், ரியலில் அதே இடத்தில் ஆடிய கசெமிரோவைப் பேசுங்கள். "பென்ட்லி காருக்குத் தங்க முலாம் பூசிவிட்டு எஞ்சினை விற்றுவிட்டார்கள்" என்று ஜிதான் சொன்னதாக ஒரு வாசகத்தை ஆளாளுக்கு எடுத்துப் போடுவார்கள். அதை விட ஜிதான் பயிற்சியாளராக வந்து செய்த காரியத்தைப் பாருங்கள். 2015 நவம்பரில் அப்போதைய ரியல் பயிற்சியாளர் பெனிடெஸ் கசெமிரோவை வெளியே உட்காரவைத்து, ஹாமேஸ், மோட்ரிச், குரூஸ் என்று அழகு அழகாக இறக்கி, பார்சிலோனாவிடம் சொந்த மைதானத்தில் 4-0 வாங்கினார். 2016 ஜனவரியில் ஜிதான் வந்தார். அந்த வசந்தத்துக்குள் கசெமிரோ அசைக்க முடியாத ஆளாகிவிட்டார். 2016, 2017, 2018 மூன்று சாம்பியன்ஸ் லீக். பெரெஸ்தான் அப்போதும் தலைவர்!

ஜிதான் ஆடிய காலத்தில் முதுகுக்குப் பின்னால் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பது அவருக்குத்தானே தெரியும்.

#18 பரிஸ்வாசி
முருகேசன் அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு. அதோடு 2006 கதையையும் சேர்த்துவிடுங்கோ. 2005 இல் பிரான்ஸ் உலகக்கிண்ணத் தகுதிச் சுற்றிலேயே திக்குமுக்காடியது. அந்த ஓகஸ்டில் ஜிதான் தேசிய அணிக்குத் திரும்பினார், தூராமும் திரும்பினார், மக்கெலேலேயும் கூடவே வந்தார். மாட்ரிட்டில் பிரித்துவைத்த சோடி நீலச் சட்டையில் மீண்டும் சேர்ந்தது.

ஜெர்மனியில் முதல் இரண்டு ஆட்டம் சமநிலை. பத்திரிகைகள் கிழவர் அணி என்று எழுதித் தள்ளின. பிறகு ஸ்பெயினை 3-1, பிரேசிலை 1-0, போர்த்துகலை 1-0. எல்லோருக்கும் நினைவிருப்பது பிரேசிலுக்கு எதிராக ஜிதான் ஆடிய ஆட்டம். ரொனால்டினியோவும் காக்காவும் அன்றைக்கு நடுவில் திரும்பக்கூட இடமில்லாமல் தவித்ததை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை. அங்கே நின்றது மக்கெலேலேயும் வியெராவும். ஏழு ஆட்டத்தில் பிரான்ஸ் வாங்கிய கோல் மூன்று. ஒன்று கொரியாவின் பார்க் ஜி-சுங் போட்டது. மற்ற இரண்டில் ஒன்று ஸ்பெயினின் வில்லா அடித்த பெனால்டி, இன்னொன்று இறுதியில் கோர்னர் பந்தில் மத்தராசி தலையால் போட்டது. நொக்அவுட் ஆட்டங்களில் ஓடும் பந்தில் ஒரு கோல்கூட விழவில்லை. பெர்லினில் பெனால்டியில் கிண்ணம் போய்விட்டது. 33 வயது அவருக்கு.

அதோடு ஓய்வு என்றார். பயிற்சியாளர் தொமெனெக் விடவில்லை, மீண்டும் அழைத்தார். மொரினியோவுக்குக் கோபம், பத்திரிகையில் பெரிய சண்டை. கடைசியில் 2008 ஐரோப்பியக் கிண்ணத்தில் நெதர்லாந்திடம் நாலு, இத்தாலியிடம் இரண்டு வாங்கிக்கொண்டு முதல் சுற்றோடு வந்ததும்தான் உண்மையான ஓய்வு. அந்த இரண்டு ஆண்டு அவருக்குத் தேவையில்லாதது என்பது என் எண்ணம்.

#19 ஸ்டாம்ஃபோர்டு சிவா
அதே 2008 மே மாதம் செல்சி ஆடிய மாஸ்கோ சாம்பியன்ஸ் லீக் இறுதியும் பெனால்டியில்தான் போனது. பெனால்டி அடிக்கும்போது டெர்ரி வழுக்கியது மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம். மக்கெலேலே 35 வயதில் கிட்டத்தட்ட 120 நிமிடம் ஆடியிருந்தார். கடைசி நொடியில் பெனால்டி அடிப்பதற்காக பெலெட்டியை இறக்கி அவரை எடுத்தார்கள். செல்சிக்கு அவருடைய கடைசி ஆட்டம் அது.

சோகமாகப் போகிறது, ஒரு சிரிப்புக் கதை. 2005 மே மாதம், லீக் பட்டம் உறுதியாகிவிட்டது, சொந்த மைதானத்தில் கோப்பை வாங்குகிற நாள், சார்ல்டனோடு ஆட்டம். 0-0. கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. செல்சிக்கு அதுவரை ஒரு கோல்கூடப் போடாத மக்கெலேலேவிடம் பந்தைக் கொடுத்தார்கள். அடித்தார், கீப்பர் தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தை எப்படியோ உள்ளே தட்டிவிட்டார். மொத்த அணியும் அவர் மேல் ஏறி விழுந்தது. அடுத்த கோல் 2006 நவம்பரில், டாட்டன்ஹாமில், பெட்டிக்கு வெளியிலிருந்து அட்டகாசமான வாலி. அந்த ஆட்டத்தை 2-1 என்று தோற்றோம். அத்தோடு செல்சி கோல் கணக்கு முடிந்தது. இரண்டு.

#20 வியாசர்பாடி 10
அந்த வாலியைப் பார்த்தால்தான் நடுக்களம் சொன்ன நாந்த் விங்கர் தெரிகிறார். தொழில் மறக்கவில்லை.

#21 கேள்விக்குறி
பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்புக்கும் ஆடினார் இல்லையா? கோச்சாகப் பெரிதாகப் பெயர் கேட்டதில்லையே, என்ன ஆயிற்று?

#22 பரிஸ்வாசி
2008 இல் வந்தார், தம்பி. இப்போது நீங்கள் பார்க்கிற பிஎஸ்ஜி இல்லை அது. அதற்கு முந்தைய பருவம் இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் மயிரிழையில் தப்பிய கிளப். தலைவராக இருந்து மூன்று பருவம் ஆடினார். 2010 இல் மொனாக்கோவை வென்று பிரெஞ்சுக் கிண்ணம். 2011 கோடையில் ஆட்டத்தை நிறுத்தினார், அதே கோடையில்தான் கத்தார் பணம் வந்து இறங்கியது. கொஞ்சம் பிந்திப் பிறந்திருக்கவேணும்.

பிறகு அதே கிளப்பில் அஞ்சலோத்தியின் உதவியாளர் குழுவில் சேர்ந்தார். 2014 இல் கோர்சிகாவின் பாஸ்தியா அணி தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது, சில மாதத்தில் நவம்பரிலேயே அனுப்பிவிட்டது. மொனாக்கோவில் தொழில்நுட்ப இயக்குநர், வேல்ஸின் ஸ்வான்சியில் உதவிப் பயிற்சியாளர் என்று ஊர் ஊராகப் போனார். 2017 நவம்பரில் பெல்ஜியத்தில் ஜெர்மன் பேசும் பகுதியில் இருக்கிற யூப்பன் என்ற சின்ன கிளப். 2019 வரை அங்கே இருந்துவிட்டு, செல்சியின் இளம் வீரர்களுக்கு வழிகாட்டுகிற வேலைக்குத் திரும்பினார்.

#23 நடுக்களம்
அஞ்சலோத்தி பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான், கேள்விக்குறி. 2000 இல் யாருக்கு எதிராக முதல் நிமிடத்தில் கோல் போட்டாரோ, அவரே பிறகு வேலை கொடுத்தார்.

கோச்சாக மக்கெலேலே பெரிய வெற்றி இல்லை, உண்மை. இடம் பார்த்து நிற்கத் தெரிந்த எல்லோருக்கும் அதை இன்னொருவருக்குச் சொல்லித்தர வருவதில்லை. ஆனால் யூப்பனில் ஒரு நாள் இருக்கிறது, 2018 மார்ச். லீகின் கடைசி நாள், கடைசி இடத்தில் யூப்பன். ஜெயித்தால் மட்டும் போதாது, மெக்கலன் அணியை கோல் வித்தியாசத்திலும் தாண்டவேண்டும். மூஸ்க்ரோனுக்கு எதிராக இரண்டாம் பாதியின் பெரும்பகுதி ஓடியும் 0-0. மாற்று ஆட்டக்காரராக டொயோகாவா என்ற ஜப்பானியரை இறக்கினார். கடைசி இருபது நிமிடத்துக்குள் நாலு கோல், அதில் மூன்று டொயோகாவாவுடையது. 4-0.

#24 கேள்விக்குறி
தப்பித்தார்களா?

#25 மாட்ரிட் முருகேசன்
தப்பித்தார்கள். மெக்கலன் இறங்கியது, வித்தியாசம் ஒரே ஒரு கோல். வீடியோவைத் தேடிப்பார் தம்பி, நாலாவது கோலுக்கு பெஞ்சில் இருந்த மொத்தப் பேரும் மைதானத்துக்குள் ஓடுகிறார்கள்.